தம்பி பிடிஎஸ் தான் வேணும்னு நிக்கிறான். பல் மருத்துவம் எடுத்தவங்க, நீங்க ஏன் எடுத்தீங்க?

வெண்ணாறு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கத்துல ஒரு கிராமம் எங்களுது. அப்பாவுக்கு ஒம்பது மா நிலம், தண்ணி நேரத்துக்கு வந்தா குறுவை, இல்லன்னா சம்பா மட்டும். நான் பி.காம் முடிச்சிட்டு மன்னார்குடில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறேன். கேள்வி என் தம்பியப் பத்தி.

அவன் ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளிதான், அதனால 7.5 சதவீத ஒதுக்கீட்டுல வர்றான். ரெண்டாவது தடவையா நீட் எழுதி மார்க் வந்துருச்சு. எம்பிபிஎஸ்க்கு பத்தாது, பிடிஎஸ் கெடைக்கும்னு ஸ்கூல் சார் சொல்றாரு. அப்பா இன்னொரு வருஷம் எழுதட்டும்ங்கிறாரு. சித்தப்பா ஒரு படி மேல போயி பல்லு புடுங்குறதுக்கா அஞ்சு வருஷம் படிப்பாங்கன்னு பந்தில உக்காந்து சாப்புடுறப்ப எல்லாரு முன்னாடியும் கேட்டுட்டாரு, தம்பி பாதி சோத்துல எந்திரிச்சுப் போயிட்டான்.

ஆனா இவன் பிடிஎஸ் தான் போவேன், மறுபடி நீட் எழுத மாட்டேன்னு ஒரே புடிவாதம். ஏன்டா புடிச்சிருக்குன்னு கேட்டா, புடிச்சிருக்குக்கா அவ்ளோதான்ங்கிறான். எனக்கு பயம் என்னன்னா, ரெண்டு வருஷமா படிச்சுப் படிச்சு சலிச்சுப் போயி இதோட விட்டா போதும்னு சொல்றானா, இல்ல நெஜமாவே ஆசையா இருக்கானான்னு தெரியல. சலிப்புல எடுத்தா அஞ்சு வருஷம் எப்டி தாங்குவான். அதனால இந்தப் படிப்ப எடுத்தவங்க யாராவது இருந்தா மறைக்காம சொல்லுங்க, ஏன் எடுத்தீங்க, இப்ப எப்டி இருக்கீங்க, நான் அவன்கிட்ட என்னன்னு கேக்கணும்.

———

அரசலாறு எழுதியது:

வெண்ணாறு, உங்கள விட பத்துப் பன்னெண்டு வயசு பெரியவ நான், அக்கான்னே கூப்புடுங்க. கும்பகோணத்துல சொந்தமா கிளினிக் வச்சிருக்கேன். 2008ல சேந்தேன். அப்ப தமிழ்நாட்டுல மெடிக்கலுக்கு நீட்டும் கெடையாது என்ட்ரன்ஸும் கெடையாது, பிளஸ் டூ மார்க் தான் கட்டாஃப். அதுல எனக்கு ஒண்ணரை மார்க் கொறஞ்சுது. எம்பிபிஎஸ் கெடைக்கலன்னு தான் இதுக்கு வந்தேன். என் பேட்ச்ல பாதிப் பேருக்கு மேல இதே கததான். மொத நாள் ஹாஸ்டல்ல எல்லாரும் எனக்கு எவ்ளோ கொறஞ்சுது உனக்கு எவ்ளோ கொறஞ்சுதுன்னு தான் பேசிக்கிட்டோம். நான் மூணு மாசம் அழுதேன்.

அழுகை நின்னது எப்பன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மொத வருஷத்துல மெழுகுல பல்லு செதுக்கச் சொல்வாங்க. கைக்கு அடக்கமா ஒரு மெழுகுக் கட்டி, கார்வர்னு செதுக்குற கத்தி ஒண்ணு, ஒரு அளவுகோல், அவ்ளோதான். மேல் வரிசை முன்பல்லு, நெஜத்துல அதோட தலப்பகுதி பத்தரை மில்லிமீட்டர் உயரம், வேர் பதிமூணு மில்லிமீட்டர், அகலம் எட்டரை. அதப் பெருசாக்கி செதுக்கணும். பாக்க சாதாரண சதுரம் மாதிரி தானே இருக்கு முன்பல்லு, கைல எடுத்து செதுக்கிப் பாத்தா தான் தெரியும், ஒரு மூல நேரா வரும் ஒரு மூல லேசா உருண்டு வரும், உருண்ட மூல எந்தப் பக்கமோ அத வச்சே இது வலது பல்லா இடது பல்லான்னு சொல்லிடலாம். நான் அத ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சீவிக்கிட்டு உக்காந்திருந்தேன், பக்கத்து ரூம் பொண்ணு வந்து லைட்ட அணைக்கச் சொன்னப்பதான் மணியே தெரிஞ்சுது. பயாலஜி புக்க நான் அப்டி ஒரு நாளும் படிச்சதில்ல.

இதுல இன்னொரு விஷயம். எங்க மாமா சுவாமிமலைல சிலை வார்க்கிற பட்டறைல வேலை செஞ்சவரு. தேன்மெழுகும் குங்கிலியமும் காச்சிக் கலந்து, அதுல மொதல்ல சாமி உருவத்த மெழுகாவே செஞ்சு, மேல காவேரி வண்டல் மண்ணப் பூசிக் காய வச்சு, சூடு பண்ணுனா மெழுகு உருகி வெளிய ஓடிரும், அந்த வெத்து எடத்துல உலோகத்த உருக்கி ஊத்துவாங்க. நான் சின்ன வயசுல லீவு விட்டா அந்தப் பட்டறைல தான் கெடப்பேன். அப்புறம் காலேஜ்ல பல்லுக்கு உலோகத் தொப்பி வார்க்கிறது எப்டின்னு பாடம் நடத்துறப்ப பாத்தா, மெழுகுல பல்லோட உருவம் செய்யி, அத மாவு மாதிரி ஒரு கலவைல பொதச்சு வையி, ஃபர்னஸ்ல வச்சு மெழுக எரிச்சு வெளியேத்து, அந்த எடத்துல உலோகத்த ஊத்து. அதே தான்! அமெரிக்காவுல டாகர்ட்டுன்னு ஒரு பல் டாக்டர் 1907ல இந்த முறைய பல்லுக்கு எடுத்துட்டு வந்தாருன்னு புக்ல இருந்துச்சு, எனக்கு மாமா பட்டறை வாசனையே மூக்குல வந்துருச்சு. ஊருக்கு வந்து மாமாகிட்ட சொன்னேன், அவரு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "அப்ப நீயும் வார்ப்பு வேலைக்குத்தான் போயிருக்கே, நல்லது"ன்னாரு. அன்னையிலேர்ந்து எனக்கு எம்பிபிஎஸ் போச்சேன்னு தோணுனதே இல்ல. இப்பெல்லாம் ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல டிசைன் பண்ணி ஜிர்கோனியாங்கிற பீங்கான் மாதிரி பொருள மெஷினே அறுத்துக் குடுத்துருது, ஆனாலும் அது சரியா உக்காந்திருக்கா, கடிச்சா எங்க தட்டுதுன்னு பாக்குறது இன்னைக்கும் நம்ம கையும் கண்ணும் தான்.

அதனால தம்பிகிட்ட புடிச்சிருக்கான்னு கேக்காதீங்க. அவன் வயசுல யாரக் கேட்டாலும் புடிச்சிருக்குன்னு தான் சொல்வாங்க. கைவேலைல அவனுக்குப் பொறுமை இருக்கா பாருங்க. சின்ன எடத்துல, கண்ணுக்கு சரியா தெரியாத எடத்துல, ஒரே விஷயத்த அரமணி நேரம் நோண்டிக்கிட்டு இருக்க முடியுதா அவனால? மேல் கடவாப் பல்லுல ரூட் கேனல் பண்றப்ப வேருக்குள்ள போற மூணு ஓட்டை தெரியும், பல பேருக்கு நாலாவதா ஒண்ணு ஒளிஞ்சிருக்கும், அத விட்டுட்டா ஆறு மாசம் கழிச்சு வலின்னு திரும்பி வருவாங்க. அந்த நாலாவதத் தேடுறது தான் என் பொழப்பு. கழுத்து வலி இருக்கு, இடுப்பு வலி இருக்கு, நாலு வயசு கொழந்த கைய நறுக்குன்னு கடிச்சிருக்கு. ஆனா மூணு ராத்திரி தூங்காம கன்னத்தப் புடிச்சிக்கிட்டு வர்ற ஒருத்தருக்கு ஊசி போட்ட பத்தே நிமிஷத்துல முகம் தெளியும் பாருங்க, அத வேற எந்த வேலைலயும் இவ்ளோ கிட்டத்துல உக்காந்து பாக்க முடியுமான்னு எனக்குத் தெரியல.

உங்க சித்தப்பாவுக்கு ஒரு பதில். நாலு வருஷம் படிப்பு, ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன், அதாவது ஆஸ்பத்திரில பயிற்சி. அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி, பார்மகாலஜி எல்லாம் உண்டு, மூணாவது வருஷம் ஜெனரல் மெடிசின், ஜெனரல் சர்ஜரி பரிட்சையும் உண்டு. ஏன்னா பல்லு புடுங்க வர்றவருக்கு சுகர் இருக்கும், பிரஷர் இருக்கும், நெஞ்சுல ஸ்டென்ட் வச்சு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்புட்டுக்கிட்டு இருப்பாரு. இதெல்லாம் தெரியாம கொறடத் தொடக் கூடாது.

———

கோரையாறு எழுதியது:

அக்கா சொன்னது அத்தனையும் உண்மை, ஆனா மறுபக்கத்தையும் யாராவது சொல்லியாகணும்னு எழுதுறேன். நானும் பிடிஎஸ் தான், 2017ல முடிச்சேன், இப்ப மெடிக்கல் கோடிங், அதாவது நோயையும் சிகிச்சையையும் பில்லுக்காக குறியீடா மாத்துற கம்ப்யூட்டர் வேலைல இருக்கேன். என்கூடப் படிச்சவங்க பல பேரு இதே வேலைக்கு வந்துட்டாங்க.

நான் ஏன் எடுத்தேன்னு கேட்டா, பேருக்கு முன்னாடி டாக்டர்னு வரும், அது ஒண்ணுக்காகத் தான். எங்க தெருவுல யாரும் டாக்டர் கெடையாது. அப்பா ஆறு மா நிலத்த வித்து ஒரு தனியார் காலேஜ்ல சேத்தாரு, மிச்சத்துக்கு பேங்க்ல கடன். எனக்கு மெழுகு செதுக்குறதும் வரல, அக்கா சொன்ன அந்தப் பொறுமையும் இல்ல, ஆனா அது எனக்கு மூணாவது வருஷம் பேஷன்ட் வாயில கை வைக்கிறப்ப தான் தெரிஞ்சுது, அதுக்குள்ள பாதிப் பணம் கட்டியாச்சு. முடிச்சிட்டு சென்னைல ஒரு கிளினிக்ல சேந்தேன், காலைல பத்து மணிலேர்ந்து ராத்திரி ஒம்பது வரைக்கும், மாசம் பன்னெண்டாயிரம். அதுலயும் ரெண்டு மாசச் சம்பளம் இன்னைக்கு வரைக்கும் வரல. அப்பாவுக்கு ஃபோன் பண்ணி இத எப்டி சொல்றதுன்னு தெரியாம கோயம்பேடு பஸ் ஸ்டாண்டுல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன்.

இந்தியாவுல மொத பல் மருத்துவக் கல்லூரி 1920ல கல்கத்தாவுல ஆரம்பிச்சாரு டாக்டர் ரஃபியுதீன் அகமது. இன்னைக்கு நாடு முழுக்க 300க்கு மேல இருக்கு, பெரும்பாலும் தனியார். நம்ம தமிழ்நாட்டுல அரசுக் கல்லூரி சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை, இந்த மூணு தான், அதுலயும் புதுக்கோட்டை 2023ல தான் ஆரம்பிச்சது. இவ்ளோ காலேஜ்லேர்ந்து வருஷா வருஷம் வெளிய வர்றவங்க எல்லாரும் சென்னை, கோயம்புத்தூர்லயே போயி நின்னா சம்பளம் எப்டி ஏறும். எம்ஆர்பி, அதாவது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலமா வர்ற அரசு வேலைக்கு எடமும் கம்மி, அறிவிப்பும் எப்பவாவது தான் வரும். எம்டிஎஸ்னு மேற்படிப்பு பண்ணலாம், மூணு வருஷம், ஒம்பது பிரிவு இருக்கு, ஆனா கம்பி போடுறது, தாடை சர்ஜரி, ரூட் கேனல் மாதிரி பிரிவுக்கெல்லாம் அரசு சீட்டு கெடைக்கிறது ரொம்பக் கஷ்டம், தனியார்ல கட்டணம் நம்மளால நெனச்சுப் பாக்க முடியாது. சொந்தமா கிளினிக் வைக்கணும்னா சேர், கம்ப்ரசர், எக்ஸ்ரே, கருவிய வேக வைக்கிற ஆட்டோகிளேவ், அப்புறம் கடைக்கு அட்வான்ஸ், லட்சக் கணக்குல போகும், போட்ட பணம் திரும்ப மூணு நாலு வருஷம் ஆகும்.

ஆனா தங்கச்சி, உங்க தம்பிக்கும் எனக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. 7.5 சதவீதத்துல சீட்டு எடுத்தா காலேஜ் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ் அரசாங்கமே கட்டிருது. நிலம் போகாது, கடன் வராது. அது இல்லாம இருந்திருந்தா வேணாம்னே சொல்லிருப்பேன். கடன் இல்லாம வெளிய வர்ற ஒரு பல் டாக்டர் அஞ்சாறு வருஷம் நிதானமா கைய நல்லா பழக்கிக்கிட்டு கிளினிக் வைக்கலாம். எங்க பேட்ச்ல நல்லா இருக்குறவங்க பாதிப் பேரு ஊருக்குத் திரும்பி வந்து சின்ன டவுன்ல வச்சவங்க தான். அப்புறம் ஒரு விஷயம், சேந்துட்டு நடுவுல விட்டுட்டு மறுபடி நீட் எழுதலாம்னு யாராவது சொன்னா, கவுன்சிலிங் கையேட்டுல நடுவுல நிறுத்துனா என்ன கட்டணும்னு போட்டிருப்பாங்க, அத வரி வரியா படிச்சிட்டு சேருங்க. அத யாரும் படிக்கிறதே இல்ல.

———

சம்பா பட்டம் எழுதியது:

பாப்பா, நான் படிச்சவன் இல்ல, பேரன் டைப் பண்ணித் தர்றான். ஒரத்தநாடு பக்கம். எனக்கு மேல வரிசைல ஒரு பல்லு கூட இல்லாம போச்சு, கீழ மூணு நாலு நின்னுச்சு. அரிசிய கொழைய வடிச்சு ரசத்துல கரைச்சு தான் ரெண்டு வருஷம் சாப்புட்டேன். பல்லு போனா சொல்லு போச்சும்பாங்கல்ல, அது சும்மா சொன்னது இல்ல. ஃபோன்ல நான் பேசுறது மகளுக்கே புரியாது, தாத்தா என்ன சொல்றாருன்னு பேத்தி அவ அம்மாவ கேக்கும். பஞ்சாயத்துல நாலு பேரு முன்னாடி வாயத் தொறக்குறதையே விட்டுட்டேன்.

போன தை அறுவடை முடிஞ்சு கொள்முதல் நிலையத்துல போட்ட நெல்லுக்குப் பணம் பேங்க்ல ஏறுனதும் மொத வேலையா பல்செட்டு கட்டுனேன். அந்த டாக்டர் தம்பிக்கு முப்பது வயசு கூட இருக்காது. மெழுகுல பல்ல வரிசையா நட்டு வாயில வச்சுப் பாத்து, எடுத்து, மறுபடி வச்சு, என்னய ஒண்ணு ரெண்டு எண்ணச் சொல்லிக் கேட்டுச்சு. அறுபதுக்கு மேல எண்ண எண்ண சத்தம் சரியா வருதான்னு காதக் கிட்ட கொண்டாந்து கேட்டுச்சு. அப்புறம் கண்ணாடியக் கைல குடுத்துச்சு பாப்பா. என் சம்சாரம் இருந்து பாத்திருக்கலாம்னு தோணுச்சு.

உங்க சித்தப்பாவ எங்கிட்ட பேசச் சொல்லு.

———

மயூரம் அம்மா எழுதியது:

என் பொண்ணு பிடிஎஸ் ரெண்டாவது வருஷம். நாங்க ஏன் சேத்தோம்னா நைட் டூட்டி இல்ல, எமர்ஜென்சின்னு ராத்திரி ரெண்டு மணிக்கு கூப்புட மாட்டாங்க, கல்யாணத்துக்கு அப்புறமும் வீட்டுக்குக் கீழயே கிளினிக் வச்சு பாத்துக்கலாம். பொண்ணுங்களுக்கு இது ரொம்ப ஏத்த படிப்பு. பையன்களுக்கு எப்டின்னு தெரியல.

———

அரசலாறு எழுதியது:

அம்மா, தப்பா நெனைக்காதீங்க, இத நான் சொல்லியே ஆகணும். எங்க வகுப்புல பொண்ணுங்க தான் அதிகம், நீங்க சொன்ன அதே காரணத்துக்காகத் தான் நெறைய பேர சேத்தாங்க. ஹவுஸ் சர்ஜனா இருக்குறப்பவே பாதிப் பேருக்கு கல்யாணம் ஆச்சு, அதுல சில பேரு அதுக்கப்புறம் ஒரு பல்லு கூட பாக்கல. கொழந்த கொஞ்சம் வளரட்டும்னு தள்ளிப் போட்டு அஞ்சு வருஷம் ஆச்சுன்னா கை பயந்துரும், அப்புறம் ஊசி புடிக்கவே தயக்கமா இருக்கும். எங்க வகுப்புலயே நல்ல கை உள்ளவ ஒருத்தி, கடவாப் பல்லு அவ செதுக்குனத சார் கண்ணாடி அலமாரில வச்சிருந்தாரு, அவ இன்னைக்கு வீட்ல இருக்கா, ஃபோன் பண்ணா பல் சம்பந்தமா எதுவும் பேச வேணாம்டிங்கிறா. நேரம் நம்ம கைல இருக்குறது நல்லது தான், நானும் என் பையன ஸ்கூல்ல விட்டுட்டு தான் கிளினிக் தொறக்குறேன். ஆனா அதுவே மொதக் காரணமா இருக்கக் கூடாதும்மா. உங்க பொண்ணு ரெண்டாவது வருஷம்னா இப்ப ப்ரீக்ளினிக்கல் லேப்ல பொம்மைத் தலைல பல்லு அடைச்சுப் பழகிக்கிட்டு இருக்கும். லீவுக்கு வந்தா அதப் பத்தி உக்கார வச்சுக் கேளுங்க, ரொம்ப சந்தோஷப்படும்.

———

கொள்ளிடக்கரை எழுதியது:

நான் இப்ப ஹவுஸ் சர்ஜன், சிதம்பரத்துல. வீட்ல மொதப் பட்டதாரி. கலந்தாய்வுல என் முறை வந்தப்ப எம்பிபிஎஸ் தீந்துருச்சு, அது எல்லாருக்கும் உள்ளது தான், ஆனா நான் பிடிஎஸ்ஸ விடாம எடுத்ததுக்கு எங்க ஆத்தா தான் காரணம்.

ஆத்தா நடவுக்குப் போறது. குனிஞ்சு நாத்து நடுறப்ப பசி தெரியாம இருக்க வெத்தல பாக்கு பொகையில மூணையும் சேத்து கன்னத்துல ஒரு பக்கமா அதக்கிக்கும், மத்தியானம் வரைக்கும் அப்டியே இருக்கும். நான் ஒம்பதாவது படிக்கிறப்ப காரம் சாப்புட முடியல வாயி எரியுதுன்னுச்சு. அப்புறம் வாயே முழுசா தொறக்க முடியல, சோத்துருண்டய சின்னதா உருட்டி உள்ள தள்ளும். யாருக்கும் அது நோவுன்னு தெரியல, வயசாச்சுன்னு விட்டுட்டோம். கன்னத்துக்குள்ள புண்ணு வந்து அது ஆறாம, தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போனப்ப புத்துநோவுன்னுட்டாங்க. பதினோரு மாசம் இருந்துச்சு.

அந்த வாயி தொறக்க முடியாம போறதுக்கு ஒரு பேரு இருக்கு, அது பாக்கால வர்றது, அத ஒரு பல் டாக்டர் பத்து செகண்டுல கண்டுபுடிச்சிருப்பாருன்னு படிக்கிறப்ப தான் தெரிஞ்சுது. மூணு வெரல சேத்து செங்குத்தா வாயில விடச் சொல்லணும், மூணும் போனா சரி, ரெண்டு தான் போகுதுன்னா கவனிக்கணும். அவ்ளோ தான் சோதனை. பொகையில இல்லாத வெறும் பாக்கே புத்துநோய்க்குக் காரணம்னு உலக சுகாதார அமைப்போட புத்துநோய் ஆய்வு மையம் 2004லயே அறிக்கையா போட்டுருச்சு. 2013ல குட்காவ தமிழ்நாட்டுல தடை பண்ணாங்க, ஆனா இன்னும் கேம்ப்புக்குப் போனா இருவது வயசுப் பையன் ரெண்டு வெரலோட நிக்கிறான்.

கேம்ப்ல நான் ஒண்ணு கத்துக்கிட்டேன். நம்ம பக்கம் வெத்தலைய குத்தம் சொன்னா யாரும் காது குடுக்க மாட்டாங்க. கும்பகோணம் வெத்தலைக்கு 2025ல புவிசார் குறியீடே வந்துருச்சு, வெத்தல பாக்கு மாத்தாம கல்யாணம் பேசுறது உண்டா. அதனால நான் வெத்தலைய ஒண்ணும் சொல்றதில்ல. பாக்கையும் பொகையிலையையும் எடுத்துருங்க, ராத்திரி கன்னத்துல அதக்கிக்கிட்டு தூங்காதீங்கன்னு மட்டும் சொல்லுவேன். அப்ப தான் பாட்டிங்க உக்காந்து கேக்குறாங்க. போன மாசம் ஒரு பாட்டி, நாக்கு ஓரத்துல வெள்ளையா ஒரு திட்டு, வலியே இல்லன்னுச்சு. அனுப்பி வச்சு டெஸ்ட் எடுத்தோம், ஆரம்ப நெலைலயே புடிச்சாச்சு, இப்ப நல்லா இருக்கு. அன்னைக்கு ராத்திரி ஆத்தா ஃபோட்டோ முன்னாடி ரொம்ப நேரம் நின்னேன்.

அக்கா, எதுக்காக எடுக்குறான்னு உங்க தம்பி ஒரு வரில சொல்லணும்னு எதிர்பாக்காதீங்க. என்னய அப்ப கேட்டிருந்தா நானும் புடிச்சிருக்குன்னு மட்டும் தான் சொல்லிருப்பேன். ஆத்தா விஷயத்த வீட்ல யார்கிட்டயும் நான் சொன்னதில்ல.

———

வெண்ணாறு எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கோரையாறு அண்ணே, உங்க அப்பாவுக்கு நீங்க ஃபோன் பண்ண முடியாம உக்காந்திருந்தத படிச்சிட்டு எனக்கு வேலையே ஓடல. கையேட்ட டவுன்லோட் பண்ணிட்டேன், நீங்க சொன்ன பக்கத்த படிச்சிட்டேன், அப்பாவுக்கும் படிச்சுக் காமிச்சேன்.

கொள்ளிடக்கரை தம்பி எழுதுன கடைசி வரிய படிச்சிட்டு நேத்து ராத்திரி தம்பிய திண்ணைல உக்கார வச்சு வேற மாதிரி கேட்டேன். ஏன் புடிச்சிருக்குன்னு கேக்கல, எப்பலேர்ந்துடா புடிச்சிருக்குன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான், அப்புறம் எந்திரிச்சுப் போயி அவன் பெட்டிலேர்ந்து ஒரு சின்ன டப்பா எடுத்துட்டு வந்தான். உள்ள எங்க அப்பாயியோட பல்செட்டு. அது போன வருஷம் அம்மிகிட்ட விழுந்து ரெண்டா ஒடஞ்சு போச்சு, புதுசு கட்ட இப்ப முடியாதுன்னு அப்பா சொன்னதோட நாங்க எல்லாரும் மறந்துட்டோம். அப்பாயியும் ஒண்ணும் கேக்கல. இவன் யாருக்கும் தெரியாம அத எடுத்து, ஒடஞ்ச எடத்த உப்புத்தாள் வச்சுத் தேச்சு, கடைல விக்கிற பசை போட்டு ஒட்டி, ஒட்டுன எடம் ஈறுல உறுத்துச்சுன்னு அப்பாயி சொன்னதும் மறுபடி தேச்சு, இப்டி ஏழெட்டுத் தடவ பண்ணிருக்கான். நீட்டுக்குப் படிக்கிறேன்னு ராத்திரி லைட்டு எரிஞ்ச பல நாளு இது தான் நடந்திருக்கு. அப்பாயி அத மாட்டிக்கிட்டு ஒரு வாரம் சாப்புட்டுச்சாம். போன மாசம் மறுபடி ஒடஞ்சிருச்சு. எந்த எடத்துல ஒடையுதுன்னு கண்டுபுடிச்சிட்டேன்க்கா, நடுவுல அண்ணப் பக்கம் ரொம்ப மெலிசா இருக்கு, கடிக்கிறப்ப அங்க தான் வளையுது, அத எப்டி தடிமனாக்குறதுன்னு மட்டும் தான் தெரியலன்னு சொல்றான். அவன் இவ்ளோ நீளமா பேசி நான் கேட்டதே இல்ல.

அப்பா உள்ள படுத்துக்கிட்டு எல்லாத்தையும் கேட்டிருக்காரு. காலைல வயலுக்குக் கெளம்புறப்ப, கவுன்சிலிங்குக்கு எந்தத் தேதின்னு மட்டும் கேட்டாரு.

அரசலாறு அக்கா, அந்த ஒடஞ்ச பல்செட்ட சரி பண்ண முடியுமா? தம்பிய கூட்டிட்டு வந்தா நீங்க வேலை பாக்குறத கொஞ்ச நேரம் நின்னு பாக்க விடுவீங்களா?

———

அரசலாறு எழுதியது:

மொதல்ல ஒண்ணு, அந்தக் கடைப் பசைய இனிமே போட வேணாம்னு தம்பிகிட்ட சொல்லுங்க. அது வாய்க்குள்ள போற பொருள் இல்ல, அப்பாயிக்கு ஈறு புண்ணாயிரும். அதோட பசை காஞ்சு நிக்கிற எடத்துல ரெண்டு துண்டும் சரியா பொருந்தாது. ஒட்டுனத எல்லாம் நானே சொரண்டி எடுத்துக்குறேன், அவன் தேய்க்க வேணாம், சின்னத் துண்டு உதிந்திருந்தாலும் தூக்கிப் போடாம அதையும் எடுத்துட்டு வரணும்.

அவன் சொன்ன எடம் சரி. மேல் செட்டு பெரும்பாலும் நடுக்கோட்டுல தான் ஒடையும். வருஷம் ஆக ஆக ஈறுக்குக் கீழ இருக்குற எலும்பு தேஞ்சு எறங்கிரும், செட்டு நடு அண்ணத்துல மட்டும் முட்டிக்கிட்டு ரெண்டு பக்கமும் ஆடும், கடிக்கிறப்பெல்லாம் அங்கயே வளைஞ்சு வளைஞ்சு ஒரு நாள் கீறல் விடும். சும்மா ஒட்டுனா மறுபடி ஒடையத்தான் செய்யும். ஒட்டிட்டு, உள்பக்கம் இப்ப இருக்குற ஈறுக்குத் தகுந்த மாதிரி புதுசா ஒரு பூச்சு ஏத்தணும். அதுக்கு அப்பாயி வரணும், அளவு எடுக்கணும். பஸ்ல வர முடியும்ல?

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வாங்க, அன்னைக்கு கூட்டம் கம்மி. அட்ரஸ் தனியா அனுப்புறேன். தம்பிய சாப்புட்டுட்டு வரச் சொல்லுங்க, மொத தடவ பாக்குறவங்களுக்கு சில நேரம் தல சுத்தும். ஏழு மணி வரைக்கும் என்கூட நிக்கட்டும். அளவு எடுக்குற மாவ அவனே கலக்கட்டும், தண்ணி ஊத்துனதுக்கப்புறம் ஒரு நிமிஷத்துக்குள்ள கட்டி இல்லாம கலக்கிறணும்.